சித்தியின் உடைமை: ராதிகாவின் நெடுந்தொடர்களில் நடிப்பும் தயாரிப்பும்

தமிழ்த் தொலைக்காட்சி நெடுந்தொடர்கள் குறித்துத் தமிழ்த்துறைகளில் நிகழ்ந்துள்ள ஆய்வுகளுள் பெரும்பாலானவை ‘பெண் சித்திரிப்பு’ என்னும் ஒரே தலைப்பிற்குள் அடங்கிவிடுகின்றன. தொடரில் வரும் பெண் நல்லவளா, கொடியவளா, அழுகிறாளா, சூழ்ச்சி செய்கிறாளா என்று வகைப்படுத்தி, இவ்வகைச் சித்திரிப்பு சமுதாயத்திற்கு நன்மை பயக்குமா, தீமை பயக்குமா என்று தீர்ப்பளிப்பதோடு அவ்வாய்வுகள் நின்றுவிடுகின்றன. அச்சித்திரிப்பு யாருடைய உடைமை என்னும் வினா அங்கு எழுவதில்லை. நாவலை ஆராயும்போது ஆசிரியரையும், பதிப்பை ஆராயும்போது பதிப்பாசிரியரையும் தேடும் தமிழாய்வு, தொலைக்காட்சித் தொடருக்கு வரும்போது மட்டும் படைத்தவரைத் தேடாமல் கதைமாந்தரோடு அமைந்துவிடுகிறது. இம்முறையின் போதாமையை மிகத் தெளிவாகக் காட்டக்கூடியவர் ராதிகா. 1999ஆம் ஆண்டின் இறுதியில் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘சித்தி’ முதல் 2018 டிசம்பரில் முடிந்த ‘வாணி ராணி’ வரை, ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள், திரையில் அழுத பெண்ணும் அந்த அழுகையைத் தயாரித்து விற்ற நிறுவனத்தின் தலைவரும் ஒருவராகவே இருந்தனர். இந்த ஒருமையைக் கணக்கில் கொள்ளாமல் அத்தொடர்களைப் படிக்க இயலாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நடிகை தயாரிப்பாளராதல் தமிழுக்குப் புதிதன்று. தமிழின் முதல் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ (1931) படத்தின் நாயகி டி. பி. ராஜலட்சுமி, 1936இல் ‘மிஸ் கமலா’வைத் தாமே தயாரித்து இயக்கினார். பி. பானுமதியின் பரணி பிக்சர்ஸ், அஞ்சலிதேவியின் அஞ்சலி பிக்சர்ஸ் ஆகியன ஐம்பதுகளில் நிலைபெற்ற நிறுவனங்கள். சாவித்திரி ‘பிராப்தம்’ (1971) படத்தைத் தயாரித்து இயக்கிப் பெருநட்டமடைந்ததும் அனைவரும் அறிந்ததே. எனினும் திரைப்படம் என்பது ஒருமுறை முடிந்து வெளியாகும் பண்டம். வெற்றியோ தோல்வியோ சில வாரங்களில் தெரிந்துவிடும். தயாரிப்பாளர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். நாள்தோறும் வளரும் கதைக்கு உடைமையாளராக இருப்பது வேறு வகையான நிலை. அந்நிலைக்கு முன்னோடியைத் திரையுலகில் அன்று, இதழுலகில் தேடுதலே பொருத்தமானது.

பெயரும் உறவும்

‘சித்தி’ என்னும் சொல் தமிழில் மூன்று உறவுகளைச் சுட்டும். தாயின் தங்கை, தந்தையின் தம்பி மனைவி, தந்தையின் இரண்டாம் மனைவி ஆகிய மூவரும் சித்தியரே. முதல் இருவரிடத்தும் அச்சொல் அன்பின் நிறம் கொண்டது. மூன்றாமவளிடத்து அது அச்சத்தின் நிறம் கொள்கிறது. நாட்டார் கதைகளில் மாற்றாந்தாய் குழந்தைக்குச் சோறிடாதவள், வேலை வாங்குபவள், காட்டிற்கு அனுப்புபவள். இராமனைக் காட்டிற்கு அனுப்பிய கைகேயியும் உறவுமுறையில் அவனுக்குச் சிற்றன்னையே. இவ்வாறு ஒரே சொல்லுக்குள் அன்பும் அச்சமும் உடனுறைவதால், ‘சித்தி’ எனப் பெயரிட்ட கதை எதுவாயினும் தொடங்குமுன்னரே கேட்போர் மனத்தில் ஒரு வினாவை எழுப்பிவிடுகிறது: இவள் எந்தச் சித்தி?

இவ்வினாவை ராதிகாவின் தொடருக்கு முப்பதாண்டுகளுக்கும் முன்னரே எழுப்பிய படம் ஒன்றுண்டு. கே. எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கிய ‘சித்தி’ (1966) அது. தன் காதலைத் துறந்து, குழந்தைகள் உள்ள முதியவருக்கு வாழ்க்கைப்படும் பெண்ணாகப் பத்மினி நடித்த அப்படத்தில் அம்முதியவராக நடித்தவர் ராதிகாவின் தந்தை எம். ஆர். ராதா. தொடருக்கும் படத்திற்கும் பெயரொற்றுமை உண்டேயன்றிக் கதையொற்றுமை இல்லை. ஆயினும் இரண்டும் செய்யும் பணி ஒன்றே. மாற்றாந்தாய் என்னும் நாட்டார் கொடியவளை எடுத்து, அவளைத் தன் வயிற்றில் பிறவாத குழந்தைகளுக்குத் தாயினும் மேலானவளாக ஆக்குதலே அப்பணி. தொடரின் தலைப்புப் பாடல், நாள்தோறும் கதை தொடங்குமுன் இம்மாற்றத்தை அறிவிக்கும் கட்டியமாக அமைந்தது. நித்யஸ்ரீ மகாதேவனின் குரலில் தாலாட்டின் சாயலுடன் ஒலித்த அப்பாடலைக் கேட்டவருக்கு, இச்சித்தி எந்தச் சித்தி என்பதில் ஐயம் எஞ்சியிராது.

அத்திரைப்படத்தின் மூலம் வை. மு. கோதைநாயகி அம்மாளின் ‘தயாநிதி’ நாவல். இச்செய்தி திரைப்பட வரலாற்றுக் குறிப்பாக மட்டும் கருதப்பட்டுவருகிறது. அதற்குமேல் அதற்கு மதிப்புண்டு. முறையான பள்ளிக்கல்வி பெறாத கோதைநாயகி தம் முதல் நாடகமாகிய ‘இந்திர மோகனா’வைத் தோழியிடம் சொல்லி எழுதச் செய்தவர். 1925இல், நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ இதழை அவர் வாங்கினார். தம் ‘வைதேகி’ நாவலை அதில் தொடராக வெளியிட்டார். பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். தொடர்கதையை எழுதும் கையும் அது வெளிவரும் தாளின் உடைமையும் ஒரு பெண்ணிடமே இருந்தன. தம் கதை எப்போது தொடங்கவேண்டும், எத்தனை மாதம் நீளவேண்டும், எவ்விடத்தில் ‘தொடரும்’ என நிற்கவேண்டும் என்பதை முடிவுசெய்ய அவருக்கு வேறொரு இதழாசிரியரின் ஒப்புதல் தேவைப்படவில்லை. இலக்கிய வரலாறுகள் கோதைநாயகிக்குத் தந்துள்ள இடம் மிகச் சிறிது. பொழுதுபோக்கு நாவலாசிரியர் என ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. அவ்வரலாறுகள் நாவலின் தரத்தை அளந்தனவேயன்றி அதன் உடைமையை நோக்கவில்லை. நெடுந்தொடர் ஆய்வுகளில் இன்று காணப்படும் குறை அங்கேயே தொடங்கிவிட்டது எனலாம்.

ராதிகாவின் நெடுந்தொடர்களை ஜகன்மோகினியின் வழித்தோன்றலாகக் காணும்போது, அவற்றின் தலைப்புகளும் பொருள்பெறுகின்றன. ‘சித்தி’ (1999–2001), ‘செல்வி’ (2005–2006), ‘அரசி’ (2007–2009), ‘வாணி ராணி’ (2013–2018) ஆகிய யாவும் நாயகியின் உறவுநிலையோ பெயரோ ஆகும். இத்தலைப்புகளில் ஆண் இல்லை. ‘அண்ணாமலை’ (2002–2005) ஒன்றே புறநடை. ‘செல்லமே’ (2009–2013) விளியாக அமைகிறது. தொடரின் பெயர் தன் பெயராக இருத்தல் தமிழ்த் திரைப்படத்தில் நாயகனுக்கே பெரும்பாலும் உரிய சிறப்பு என்பதை இங்கு நினைவுகூரலாம்.

நேரத்தை வாங்குதல்

ராதிகா 1978இல் பாரதிராஜாவின் ‘கிழக்கே போகும் ரயில்’ படத்தில் அறிமுகமானவர். தமிழோடு தெலுங்கிலும் முன்னணி நாயகியாக விளங்கினார். தன் குழந்தைக்காக நீதிமன்றம் ஏறும் பெண்ணாக நடித்த ‘நியாயம் காவாலி’ (1981), கைம்பெண்ணாக நடித்த கே. விசுவநாத்தின் ‘சுவாதி முத்யம்’ (1986) ஆகியன அவ்வகையில் குறிக்கத்தக்கன. பின்னது தமிழில் ‘சிப்பிக்குள் முத்து’ என வெளிவந்தது. நாயகியாக உச்சத்தில் இருந்தபோதே, பிரதாப் போத்தன் இயக்கிய ‘மீண்டும் ஒரு காதல் கதை’யை (1985) அவர் தயாரித்தார். முதல் பட இயக்குநருக்கான இந்திரா காந்தி தேசிய விருது அப்படத்திற்குக் கிடைத்தது. தயாரிப்பு அவருக்கு முதுமைக்கால ஏற்பாடன்று என்பதற்கு இதுவே சான்று.

ஆயினும் திரைப்படம் நடிகைக்கு வகுத்துள்ள காலக்கணக்கு கடுமையானது. 1993இல் வெளிவந்த ‘கிழக்குச் சீமையிலே’ படத்தில் ராதிகா முப்பது வயதையொட்டியவர். அதில் அவர் மணப்பருவத்து மகளுக்குத் தாயாக நடித்தார். அண்ணனுக்கும் கணவனுக்கும் இடையில் சிக்கிய விருமாயி அவருடைய மிகச் சிறந்த வேடங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே காலத்தில் அவருடன் நாயகர்களாக நடித்தவர்கள் அதன்பின் இருபதாண்டுகளுக்கும் மேலாக நாயகர்களாகவே நீடித்தனர். 1994இல் ராடான் நிறுவனத்தைத் தொடங்கியதை இச்சூழலில் வைத்தே நோக்கவேண்டும். தனிநபர் நிறுவனமாகத் தொடங்கிய அது பின்னர் ராடான் மீடியாவொர்க்ஸ் என்னும் பெயரில் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாக வளர்ந்தது.

இங்கு சன் தொலைக்காட்சியின் அக்கால வணிகமுறையைச் சற்று விளக்குதல் தேவை. ஏனெனில் கதையின் வடிவம் அதிலிருந்தே பிறக்கிறது. தூர்தர்ஷன் காலத்துத் தொடர்களுக்குப் பதின்மூன்று வாரம் என்பதே பொது அளவு. தனியார் தொலைக்காட்சியில் தயாரிப்பாளர், ஒளிபரப்பு நேரத்தை அலைவரிசைக்குக் கட்டணம் செலுத்திப் பெற்றார். அந்த அரைமணி நேரத்திற்குள் விளம்பரத்திற்கென ஒதுக்கப்பட்ட நிமிடங்களை அவரே நிறுவனங்களுக்கு விற்றார். பார்வையாளர் பெருகினால் நிமிடத்தின் விலை கூடியது. குறைந்தால் நட்டம் தயாரிப்பாளரைச் சேர்ந்தது. ஒளிபரப்பான தொடரின் உரிமை அவரிடமே நின்றது. அலைவரிசையே முழுத்தொகை கொடுத்துத் தொடரைத் தயாரிக்கச் செய்து உரிமையையும் தானே வைத்துக்கொள்ளும் முறையிலிருந்து இது அடிப்படையில் வேறுபட்டது. முன்னதில் தயாரிப்பாளர் நேரத்தின் குத்தகையாளர். பின்னதில் கூலிக்குச் செய்துதருபவர்.

இம்முறையில் கதையை முடிப்பது என்பது விற்பனையாகும் நேரத்தைக் கைவிடுவது. எனவே கதை முடியாது. வாரத்தில் ஐந்து நாள், அதன்பின் ஆறு நாள் என, பல நூறு பகுதிகளாக நீளும். ‘வாணி ராணி’ 1,700 பகுதிகளைக் கடந்தது. இந்நீட்சியைக் கதைக்கலையின் சீரழிவு என்று மட்டும் கூறிச் செல்வது எளிது. பலரும் அவ்வாறே கூறியுள்ளனர். அது ஓரளவு உண்மையே. ஒரு முகத்தின் அதிர்ச்சியை மூன்று கோணங்களில் மும்முறை காட்டி ஒரு நிமிடத்தை நிரப்புவதற்குக் கலைக்காரணம் எதுவும் இல்லை. ஆனால் வேறொன்றும் உண்மை. திரைப்படத்தில் நாயகி முப்பது வயதில் தாயாகி ஒதுக்கப்படுகிறாள். நெடுந்தொடரிலோ நாயகி வயதேறிக்கொண்டே மையத்தில் நிற்கிறாள். ‘சித்தி’ தொடங்கியபோது முப்பதுகளின் பிற்பகுதியில் இருந்த நடிகை, ‘வாணி ராணி’ முடிந்தபோது ஐம்பதுகளின் நடுவில் இருந்தார். அவ்விரண்டுக்கும் இடையே இரவு 9 மணியை ஒட்டிய நேரம் ஏறத்தாழ இடைவெளியின்றி அவருடையதாக இருந்தது. தமிழ்த் திரையில் எந்த நடிகைக்கும் கிடைக்காத இந்நீண்ட நடுவயது, விளம்பர நிமிடங்களை விற்று வாங்கப்பட்டது. கதை நீட்சியின் பயன் கதைக்குக் கிட்டவில்லை, நடிகைக்குக் கிட்டியது என்பது சற்றுக் கடுமையான கூற்றாகத் தோன்றலாம். எனினும் அதுவே நடந்தது.

ஆசிரியர் யார் என்னும் வினாவுக்கு விடையும் இங்கேயே கிடைக்கிறது. நெடுந்தொடரில் கதை ஒருவரும் திரைக்கதை ஒருவரும் உரையாடல் ஒருவரும் எழுதுவது இயல்பு. இயக்குநரும் இடையில் மாறலாம். ‘சித்தி’யையும் ‘அண்ணாமலை’யையும் சி. ஜே. பாஸ்கர் இயக்கினார். ‘அரசி’யை இயக்கியவர்களுள் சமுத்திரக்கனி பின்னர் ‘நாடோடிகள்’ (2009) படத்தால் பெயர்பெற்றவர். இவர்களுடைய தனித்திறன்கள் மறுக்கத்தக்கன அல்ல. ஆனால் தொடருக்குத் தொடர் எழுத்தும் இயக்கமும் மாறியும் அவற்றின் குரல் மாறவில்லை. நிதானமாகத் தொடங்கி, சொல் சொல்லாக அழுத்தி, இறுதியில் எதிராளியை நோக்கி ஒரே வீச்சில் பாயும் பேச்சு எல்லாத் தொடர்களிலும் வருகிறது. அப்பேச்சு நடிகையினுடையது. தமிழக எல்லைக்கு அப்பால் தில்லியிலும் மும்பையிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் கூடத்தில் செயற்கைக்கோள் வழியே ஒலித்த தமிழ் அது. பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாத வீடுகளிலும் ‘சித்தி’யின் உரையாடல் தெரிந்திருந்தது.

தந்தையோடு ஒப்பிட்டால் ஒன்று புலப்படும். எம். ஆர். ராதாவின் நாடகமேடை எழுதப்பட்ட உரையாடலை மீறும் மேடை. அன்றைய நாளிதழ்ச் செய்தியை இடையில் செருகுவார். பார்வையாளரோடு நேரே பேசுவார். ‘ரத்தக்கண்ணீர்’ (1954) திரைப்பட வடிவத்திலும் அம்மீறலின் தடம் உண்டு. அவர் பனுவலை உடைத்தவர். மகள் பனுவலை உடைமையாக்கிக் கொண்டவர். முன்னது கலகம், பின்னது நிறுவனம். கலகத்தின் உள்ளடக்கம் நிறுவனத்திற்குள் வரவில்லை என்பதை மறைக்கவேண்டியதில்லை. சாதி, சடங்கு, தாலி ஆகியவற்றை நோக்கி ராதா எழுப்பிய கேலி, ராடான் தொடர்களில் எங்கும் தலைகாட்டவில்லை. தாலி அங்கே மீண்டும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பொருளாகிவிட்டது.

வாணியும் ராணியும்

இம்முரணை, தயாரித்தவர் அறிந்தோ அறியாமலோ, கதையமைப்பாகவே மாற்றிக் காட்டிய தொடர் ‘வாணி ராணி’. இரட்டையராகிய இரு சகோதரியரும் உடன்பிறந்த ஆண்கள் இருவரை மணந்தவர்கள். வாணி வழக்கறிஞர், ராணி இல்லத்தரசி. இரு வேடமும் ராதிகாவே. தமிழ்த் திரைப்படத்தில் இரட்டை வேடம் பெரும்பாலும் நல்லவன் – கெட்டவன், கோழை – வீரன் என்னும் எதிர்நிலைகளாக அமையும். பெண்ணுக்கு வரும்போது அடக்கமானவள் – அடங்காதவள் என்பது வாய்பாடு. இத்தொடர் அவ்வாய்பாட்டை ஏற்கவில்லை. வாணியும் நல்லவளே, ராணியும் நல்லவளே. வேறுபாடு ஒழுக்கத்தில் இல்லை, உழைப்பில் இருக்கிறது. ஒருத்தி ஊதியம் பெறும் உழைப்பாளி, மற்றவள் ஊதியம் பெறாத உழைப்பாளி.

இப்பகுப்பு கூர்மையானது. நிறுவனத்தை நடத்தும் பெண் ஒருவர், குடும்பத்தைச் சுமக்கும் பெண்ணாக நாள்தோறும் நடிக்கிறார். முதலாமவர் திரையில் தோன்றுவதில்லை. இரண்டாமவருக்காகவே பார்வையாளர் காத்திருக்கின்றனர். ‘வாணி ராணி’யில்தான் முதலாமவருக்கும் திரையில் ஒரு முகம் கிடைத்தது. வழக்குரைஞர் அங்கியில் வாணி பேசும் காட்சிகளில் ராதிகாவின் நடிப்பு இறுக்கம் தளர்ந்து விளையாட்டுத்தன்மை பெறுகிறது. ராணியாக வரும்போது பழைய ‘சித்தி’யின் அங்க அசைவுகள் திரும்பிவிடுகின்றன. வாணியின் பக்கமே தொடரின் உயிர் இருக்கிறது என்று துணிந்து கூறலாம்.

ஆயினும் தொடர் வாணியை அவள் தொழிலோடு விடவில்லை. சட்டறிவு குடும்பச் சிக்கலைத் தீர்க்கும் கருவியாக மீண்டும் மீண்டும் சுருங்குகிறது. வீட்டுக்கு வெளியே அவள் வென்ற வழக்குகள் கதையின் மையத்திற்கு வரவில்லை. வீட்டிற்குள் மூண்ட பகைகளே ஐந்தாண்டுக்கும் மேலாகக் கதையை நடத்தின. இதே காலப்பரப்பிற்குச் சற்று முன்னர், தேவயானி நடித்த ‘கோலங்கள்’ (2003–2009) தொடரில் கட்டுமானத் தொழில் நடத்தும் அபிநயாவின் தொழிற்போட்டி கதையின் நடுவே நின்றதை ஒப்பிட்டால் இக்குறை விளங்கும். உண்மையிலேயே நிறுவனம் நடத்திய நடிகையின் தொடர்களைவிட, அவ்வாறல்லாத தொடர் ஒன்றில் தொழில் நடத்தும் பெண்ணுக்குக் கூடுதல் இடம் கிடைத்தது என்பது விந்தையே. இதற்குக் காரணம் எளிது. ராடான் விற்றது பெண்ணின் தொழில்வெற்றியை அன்று, பெண்ணின் பொறுமையை. சலவைத்தூளும் சமையல் எண்ணெயும் விளம்பரப்படுத்தியவர்கள் எந்தப் பெண்ணை நோக்கிப் பேசினார்களோ அவளுக்கு உகந்த நாயகி ராணி. தயாரிப்பாளர் பெண்ணாக இருந்தது இக்கணக்கை மாற்றவில்லை. உடைமை பெண்ணிடம் வந்தால் உள்ளடக்கமும் உடன் மாறும் என்னும் நம்பிக்கை கோதைநாயகியின் நாவல்களிலும் முழுமையாக நிறைவேறியதன்று.

அதற்காக இத்தொடர்களில் அழும் பெண்ணை ஏமாளி என்று ஒதுக்குவதும் பொருந்தாது. அங்கே வரும் ஆண்களை நோக்கினால் இது தெளிவாகும். சிவகுமார் போன்ற தேர்ந்த நடிகர் ‘சித்தி’யிலும் ‘அண்ணாமலை’யிலும் நடித்தும், இத்தொடர்களின் ஆண்கள் பெரிதும் நல்லியல்பும் செயலின்மையும் உடையவர்களாகவே நிற்கின்றனர். முடிவெடுப்பவள் நாயகி, அவளை எதிர்ப்பவளும் இன்னொரு பெண். வரவுசெலவு, திருமணம், பாகப்பிரிவினை, காவல்நிலையம் ஆகிய யாவும் பெண்களின் கையில் உள்ளன. இல்லறம் இங்கே உணர்ச்சியின் இடமாக மட்டும் இல்லை, நிர்வாகத்தின் இடமாகவும் இருக்கிறது. தயாரிப்பாளரின் அன்றாடம் கதைக்குள் நுழைந்த வழி இதுவே ஆகலாம்.

‘வாணி ராணி’க்குப் பின் நிலை மாறியது. 2018 டிசம்பரில் தொடங்கிய ‘சந்திரகுமாரி’ வரலாற்றுக் கற்பனையைக் கலந்து பார்த்த முயற்சி; நெடுநாள் நிற்கவில்லை. 2019இன் இறுதியில் கலர்ஸ் தமிழில் பெண்கள் மட்டும் பங்கேற்ற ‘கோடீஸ்வரி’ வினாடி வினா நிகழ்ச்சியை ராதிகா நடத்தினார். இருபதாண்டுகள் எழுதப்பட்ட உரையாடலைப் பேசியவர், அங்கே பெண்களின் வாழ்க்கைக் கதைகளை அவர்கள் வாயாலேயே கேட்பவராக அமர்ந்திருந்தார். தொடர்களில் காணாத எளிமை அந்நிகழ்ச்சியில் இருந்தது. தேர்தல் அரசியலில் இவ்வளவு பயன் விளையவில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் விருதுநகரில் பாரதிய ஜனதா கட்சி வேட்பாளராக நின்று தோல்வியுற்றார். தொடரின் நாயகிக்குக் கிடைத்த நம்பிக்கை வாக்காக மாறவில்லை.

2020 ஜனவரியில் ‘சித்தி 2’ தொடங்கியது. தயாரிப்பு ராடான், நாயகி ராதிகா. 2021இல் அரசியல் பணியைக் காரணமாகக் கூறி நடிப்பிலிருந்து அவர் விலகினார். தொடர் நிற்கவில்லை. இளைய தலைமுறைக் கதைமாந்தரை மையமாக்கிக்கொண்டு 2022 வரை அதே பெயருடன் ஒளிபரப்பானது. தலைப்பில் சித்தி இருந்தாள், கதையில் அவள் இல்லை. தயாரிப்பாளரின் பெயர் மட்டும் நாள்தோறும் திரையில் வந்துகொண்டிருந்தது. அந்நிறுவனம் தன் பழைய தொடர்களை இன்று யூடியூபில் வெளியிட்டு வைத்துள்ளது. உரிமை தன்னிடம் இருந்தமையால் அது இயன்றது. தூர்தர்ஷன் காலத்துத் தமிழ்த் தொடர்கள் பலவற்றைத் தேடிக் காண இயலாத நிலையில், நெடுந்தொடரை ஆராயப் புகும் மாணவர் பகுதி பகுதியாகப் பார்த்து, எந்த உரையாடல் எந்த ஆண்டில் பேசப்பட்டது என்று குறித்துக்கொள்ளும் வாய்ப்பு இவற்றுக்கே உண்டு.